மாரியில் பெட்டி கொளுவிப் புறப்படுமுன்

மாரியில் உழவு மெசினில் (டிராக்டரில்) பெட்டி (ட்ரெயிலர்) கொளுவி, சாமான் ஏற்றி, இரவில் அதிலேயே படுத்து, முல்லைத்தீவில் இருந்து திருக்கேதீச்சரம் போய்த் திரும்ப நினைக்கிறவர்களுக்கு இது. முதலில் பெட்டியை மெசினோடு கொளுவுகிற பின்னை, அந்த இரும்பு ஆணியை, கழற்றிக் கையில் எடுங்கள். கிறீசையும் மணலையும் பழந்துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். நடுவில், பெட்டியின் இரும்பு வளையம் உரசுகிற இடத்தில், பெருவிரல் நகம் தடக்குகிற மாதிரி ஒரு இடுப்பு விழுந்திருக்கும். இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இடுப்பு விழுந்த ஆணி வயலில் இருந்து வீட்டுக்கு நெல் மூட்டை இழுக்கக் காணும். மன்னார் போய்த் திரும்பக் காணாது. வளையத்தையும் பாருங்கள். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பெட்டி ஒரு தரம் இழுத்து ஒரு தரம் இடிக்கும். அந்த இடி 300 கிலோமீற்றருக்குத் தொடர்ந்தால் வெல்டிங் விடும். அந்தப் பின் தொலைந்துபோனால் கட்டடக் கம்பித் துண்டு ஒன்றை வெட்டிச் செருகுகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அது மெத்தென்ற இரும்பு, பாரம் ஏறினால் வளையும். வளைந்த கம்பியைக் கழற்றுவதற்கு நடுவீதியில் சுத்தியலால் அடித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். கராஜில் கடைந்த பின் ஒன்றும், அதற்கு மேலதிகமாக ஒன்றும், கீழ் ஓட்டையில் போடுகிற கொட்டர் பின் நாலைந்தும் வாங்கி வையுங்கள்.

பயணம் என்றதும் எல்லாரும் தறப்பாளில் இருந்தும் அடுப்பில் இருந்தும்தான் தொடங்குவார்கள். அவை கடைசி வேலை.

எடுத்துக்கொண்ட பாதை இது: முல்லைத்தீவில் இருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம். அங்கிருந்து ஏ32 வீதியில் தெற்கே திரும்பி இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, திருக்கேதீச்சரம். திரும்பும்போது முருங்கன், மடு வீதி, பறையனாலங்குளம், வவுனியா, புளியங்குளம், நெடுங்கேணி, மறுபடி ஒட்டுசுட்டான். எல்லாம் சேர்த்து சுமார் 300 கிலோமீற்றர். வான் வண்டியில் போனால் ஒரு நாள். உழவு மெசினும் பெட்டியும் என்றால் ஆறு நாள் வையுங்கள். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது, நிற்கிற நேரமும் சேர்ந்தால் சராசரி 15. பகல் வெளிச்சத்தில், மழை விட்ட இடைவெளியில் ஓடக்கூடியது நாலைந்து மணித்தியாலம்தான். ஆகவே ஒரு நாளைக்கு 60, மிஞ்சினால் 75. ஆறாவது நாளை எங்கேயாவது வெள்ளம் வடியும்வரை காத்திருப்பதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த நாள் தேவைப்படாமல் போனால் கேதீச்சரத்தில் இன்னொரு இரவு தங்கலாம்.

வெளிநாட்டில் இருந்து டிசம்பர் லீவுக்கு வருகிறவர்கள் அங்கே கண்ட கரவனை, காரில் கொளுவி இழுக்கிற வீட்டை, மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மாரியில் வன்னிக்கு அது சரிவராது. கரவனின் அடி தாழ்வு, சில்லு சின்னது. மழையில் ஊறிய வீதியோரத்தில் ஒதுக்கி நிறுத்தினால் மறுநாள் காலையில் அச்சுவரை புதைந்திருக்கும். உழவு மெசின் பெட்டியின் தளம் நிலத்தில் இருந்து ஏறக்குறைய மூன்றடி உயரம். 7.50-16 ரயர் எந்தச் சந்தியிலும் ஒட்டுவார்கள். அச்சு முறிந்தாலும் மல்லாவியில் வெல்டிங் செய்து தருவார்கள். கைபிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு மெசினான லான்ட்மாஸ்டர் வேண்டாம். அது தோட்டத்துக்கும் சந்தைக்கும் உரியது. பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும்போது பெட்டி தள்ள, இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் மெசின் வலப்பக்கம் திரும்பும். மேட்டிலும் சமதரையிலும் பழகிய கை, குளக்கட்டில் இருந்து இறங்குகிற அந்த ஒரு நொடியில் பிழையான பக்கத்தைத்தான் பிடிக்கும்.

இன்னொன்றையும் இப்போதே தீர்த்துவிடலாம். ஓடும்போது பெட்டிக்குள் ஆள் வேண்டாம். பெட்டி சாமான் ஏற்றவும், நிறுத்திய பிறகு படுக்கவும். ஆட்கள் பஸ்ஸிலோ வானிலோ முன்னால் போய் அடுத்த தங்கலில் சமையலைத் தொடங்கலாம். மட்கார்ட்டில் குந்திக்கொண்டு வருவது, பெட்டிக்கும் மெசினுக்கும் நடுவில் உள்ள சட்டத்தில் கால் வைத்து நிற்பது, இரண்டும் பின்சில்லுக்குள் விழுவதற்கான வழிகள். மெசினுக்கு வருமான அனுமதிப் பத்திரமும் காப்புறுதியும் இருப்பது போல பெட்டிக்கும் தனிப் பதிவு இலக்கமும் பத்திரமும் இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கிறவர்கள் மெசினின் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுவதுண்டு. சாரதியின் அனுமதிப் பத்திரத்தில் ‘ஜி’ வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஜி1’ லான்ட்மாஸ்டருக்கு மட்டும்.

இனித் தண்ணீர். மழை விட்டதும் வெளிக்கிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் நடுவழியில் நிற்பார்கள். வன்னியில் வீதியை மூடுகிறவை குளங்கள். மேலே காட்டில் பெய்த மழை சின்னக் குளங்களை நிரப்பி, ஒன்று மற்றதற்குள் வழிந்து, பெரிய குளத்துக்கு வந்து, அது வான் பாய்ந்து (நிரம்பி வழிந்து) வீதியைக் கடக்கும்போது உங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்கும். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இரணைமடுக் குளத்தின் வான் கதவைத் திறந்தால் கனகராயன் ஆறு முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் பரவும், பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதி நம்பக்கூடியதாக இராது. அதே வீதியின் முல்லைத்தீவு நுனியில் வட்டுவாகல் பாலம் ஒடுக்கம். நந்திக்கடல் களப்பில் தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும். மாரியில் பெட்டியோடு போகிறவர் ஏ35ஐ விட்டுவிட்டு ஒட்டுசுட்டான் வழியாக ஏ34 எடுப்பது இதனால்தான்.

நாங்கள் போகிற பாதையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது பாலியாறு. வவுனிக்குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் பாலியாற்றால் வந்து ஏ32ஐக் கடக்கும். மல்லாவியில் தங்குகிற அன்று பின்னேரம் வவுனிக்குளத்துக் கட்டில் ஏறி, கலிங்கால் (மிகுந்த தண்ணீர் வழிகிற வாயிலால்) எவ்வளவு பாய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் வெள்ளாங்குளத்துக்கு இறங்குவது. இரண்டாவது அருவி ஆறு. இது அநுராதபுரப் பக்கம் பெய்த மழையைச் சுமந்துகொண்டு வரும். அங்கே கொட்டியது இங்கே தேக்கம் அணைக்கட்டைத் தாண்டி நானாட்டான், முருங்கன் பக்கத்துத் தாழ்நிலங்களுக்கு வந்துசேர நேரம் எடுக்கும். எனவே மன்னாரில் நிற்கும்போது மன்னார் வானிலையைக் கேட்பதோடு நிற்காமல் அநுராதபுரத்தில் என்ன பெய்தது என்றும் கேளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் உதவும். அவற்றைவிட நம்பகமான ஆள் குளத்தடியில் துருசு (மதகுக் கதவு) திறந்து பூட்டுகிறவர். அவரிடம் “வான் கதவு எத்தினை அடி திறந்திருக்கு, ஏறுதோ இறங்குதோ?” என்று கேட்டால் போதும்.

எந்த மாதம் என்று கேட்டால், நவம்பரில் வேண்டவே வேண்டாம். இடைப்பருவ மழையும் வங்காள விரிகுடாவில் உருவாகிற தாழமுக்கங்களும் அப்போதுதான். 2020இல் புரெவி புயல் டிசம்பர் 2ஆம் திகதி இரவு கரை தொட்டது. 2025இல் டித்வா புயல் நவம்பர் கடைசியில். பள்ளிக்கூட லீவுக்காகக் கட்டாயம் டிசம்பர் என்றால் நத்தாருக்குப் பிறகு வையுங்கள். எங்கள் தெரிவு தைப்பொங்கல் முடிந்த கையோடு. மழை குறைந்திருக்கும், குளங்கள் நிரம்பிப் பார்க்க அழகாக இருக்கும், காலபோக நெல் வெட்டு இன்னும் சூடு பிடித்திராது. வெட்டுத் தொடங்கினால் மெசினும் கிடையாது, றைவரும் கிடையார். கிடைத்தாலும் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும்.

மாரியில் ஓட்டுகிறவருக்குத் தண்ணீருக்கு அடுத்தபடியான எதிரி பின்னால் வருகிற பாரம். மாசி பெர்குசன் 240 மாதிரியான மெசின் ஏறக்குறைய 1.8 தொன். வெறும் பெட்டி ஒரு தொன் என்று வையுங்கள், சாமான் 800 கிலோ. மெசின் எவ்வளவோ அவ்வளவு பாரம் பின்னால் வருகிறது, அதற்குப் பெரும்பாலும் பிறேக் இல்லை. நனைந்த தாரில் மெசினின் பின்சில்லு இரண்டும் மட்டும் பிடித்து, ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் குறைவதாகக் கணக்கிடுவோம். றைவர் மாட்டைக் கண்டு கால் வைக்க ஒன்றரைச் செக்கன். மணிக்கு 20 கிலோமீற்றரில் வந்தால் நிற்பதற்கு 16 மீற்றர். 30இல் வந்தால் 30 மீற்றர். பத்துக் கிலோமீற்றர் வேகம் கூட்டியதற்கு ஏறக்குறைய இரட்டிப்புத் தூரம். மாரி இரவில் மாடுகள் ஈரத்துக்குப் பயந்து காய்ந்த தாரில் வந்து படுக்கும் என்பது ஏ9 வீதியில் ஓடிய எவருக்கும் தெரியும். விடியற்காலையிலும் அவை எழும்பியிராது.

இந்த மெசின்களில் பிறேக் மிதி இரண்டு, இடச்சில்லுக்கு ஒன்று, வலச்சில்லுக்கு ஒன்று. வயலில் வளைப்பதற்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். வீதியில் ஏறுமுன் இரண்டையும் சேர்த்துக் கொளுவ வேண்டும். கொளுவினால் மட்டும் போதாது. காய்ந்த தரையில் நேராக ஓடி, ஒரு தரம் உறுதியாக மிதித்து, இறங்கிப் பின்னால் போய் இரண்டு சில்லும் இழுத்த அடையாளத்தை ஒப்பிடுங்கள். ஒன்று நீளம், மற்றது கட்டை என்றால் மெசின் ஒரு பக்கம் இழுக்கும், பெட்டி மற்றப் பக்கத்தால் வந்து கத்தி மடிகிற மாதிரி மடியும். சரிப்படுத்தும்வரை புறப்படாதீர்கள். இறக்கத்தில் கிளச்சை மிதித்து உருள விடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். வன்னி சமதரைதானே என்பார்கள். குளக்கட்டு இறக்கமும் பாலத்து இறக்கமும் இருபது மீற்றர் இருந்தால் போதும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கொளுவுகிற இடம் எப்போதும் பின் அச்சின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஹைட்ரோலிக்கின் மேல் கையில் கட்டி இழுத்தால், பெட்டி எங்கேயாவது இறுகியவுடன் மெசினின் முன்சில்லு எழும்பிப் பின்பக்கமாகக் கவிழும். அதற்கு எடுக்கும் நேரத்துக்குள் கிளச்சை மிதிக்க எவராலும் முடியாது. பின்னோடு சேர்த்துச் சட்டத்துக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டு விடுங்கள். கொளுவுகிற பின் கழன்றாலும் பெட்டியின் முன் சட்டம் தாரில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் கிடக்கும்.

சாமான் அடுக்குவதில் ஒரு விதிதான், பாரமானது அச்சுக்குச் சற்று முன்னால். இரண்டு சில்லுப் பெட்டியில் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு கொளுக்கியில் இறங்கினால் போதும். 200 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கருவிப் பெட்டி எல்லாம் அச்சுக்கு முன்னால் தளத்தோடு. பாய், தலையணை, உடுப்பு பின்னால். பின்பாரம் கூடினால் கொளுக்கி மெசினின் பின்பக்கத்தை மேலே தூக்கும், சில்லுக்குப் பிடி குறையும், பெட்டி வால் ஆட்டத் தொடங்கும். மிகவும் முன்னால் அடுக்கினால் ஸ்டியரிங் இலேசாகி, திருப்பியும் மெசின் நேரே போகும். தண்ணீர்த் தாங்கியை முழுக்க நிரப்புங்கள், அல்லது வெறுமையாகக் கொண்டுபோங்கள். அரைவாசித் தண்ணீர் ஒவ்வொரு பிறேக்குக்கும் முன்னும் பின்னும் அடிக்கும்.

பெட்டி ரயருக்கு மண் ஏற்றும்போது விடுகிற காற்றையே விடக்கூடாது. மூன்று தொன்னுக்கு விடுகிற காற்றில் 800 கிலோ போனால் பெட்டி துள்ளும், முட்டையும் உடையும், வெல்டிங்கும் உடையும். 50 இறாத்தல் என்றால் 30, 35க்கு இறக்குங்கள். மெசினின் பெரிய சில்லுக்கு வயலில் 12 இறாத்தல், வீதியில் 16 முதல் 20. ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம்.

சில்லுக் கும்பத்துக்குள் (ஹப்) இருக்கும் பெயறிங் தனியாக ஒரு பின்னேரம் கேட்கும். ஜக் போட்டுச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக்’ என்றால் தளர்வு. மூடியைக் கழற்றி, பழைய கிறீசை முழுக்கத் துடைத்து, பெயறிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, உள்ளங்கையில் புதுக் கிறீசை வைத்து உருளைகளுக்கு நடுவால் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்துங்கள். ஒயில் சீல் புதிது போடுங்கள். நட்டை, சில்லைக் கையால் சுற்றிக்கொண்டே, சுற்றுவது கடினமாகும்வரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்றுப் பின்னால் விட்டு கொட்டர் பின் போட வேண்டும். புறப்பட்டுப் பத்தாவது கிலோமீற்றரில் நிறுத்தி ஒவ்வொரு கும்பத்திலும் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நட் இறுக்கம் கூடிவிட்டது.

மாரிக்கென்று இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடிச் சூடான கும்பம் குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கியவுடன் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி, சீலின் இடுக்கால் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த நாள் மூடியைத் திறந்தால் கிறீஸ் மஞ்சளாக இராது, தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்தக் கிறீஸ் பெயறிங்கைக் காக்காது, துருவைத்தான் வளர்க்கும். தண்ணீருக்குள் இறங்கிய நாளுக்கு மறுநாள் காலை மூடியைத் திறந்து நிறம் பாருங்கள். வெள்ளை என்றால் அங்கேயே கழுவிப் புதிது போடுங்கள். ஒரு கிலோ கிறீசும் இரண்டு சோடி சீலும் கையில் இருந்தால் ஒரு மணித்தியால வேலை.

லைற் விடயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெட்டியின் பின்பலகையில் சிவப்பு லைற் இரண்டு, சிக்னல் இரண்டு, அகலமான சிவப்புப் பிரதிபலிப்பு நாடா, முன் மூலைகளில் வெள்ளை நாடா. பிறேக் மிதிக்கும்போது சிக்னல் பல்ப்பும் மங்கலாக எரிந்தால் பல்ப்பில் பிழை இல்லை, எர்த் வயர் விட்டிருக்கிறது. துருவைச் சுரண்டி இரும்புக்கு நேரே இறுக்குங்கள். இவ்வளவு பூட்டினாலும் இரவில் ஓட வேண்டாம். டிசம்பரில் ஆறு மணிக்கு இருட்டிவிடும். மழை முகில் என்றால் ஐந்துக்கே. காலை ஏழுக்குப் புறப்பட்டு, பின்னேரம் மூன்றுக்குத் தங்கல் பிடிப்பதுதான் முறை. வவுனியாவில் இருந்து புளியங்குளம் வரையான ஏ9 துண்டில் சொகுசு பஸ்கள் எந்த வேகத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதைக் காலையில் ஓடி முடியுங்கள்.

இப்போது தறப்பாளுக்கு வரலாம். பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் முக்கால் அங்குல இரும்புக் குழாயை வில்லாக வளைத்து நாலு வளையம் வேண்டும். தளத்தில் இருந்து உச்சி 5 அடி. வளையம் ஒன்றுக்கு ஏறக்குறைய 13 அடி குழாய் போகும். நாலையும் உச்சியில் ஒரு நேர்க்குழாய் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் வளையத்துக்கு வளையம் தறப்பாள் தொய்ந்து, மழைத்தண்ணீர் குடம் குடமாகத் தேங்கும். தறப்பாள் 15 அடிக்கு 18 அடி. அகலத்தில் வில்லைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி தொங்கும், நீளத்தில் முன்னும் பின்னும் மறைப்புக்கு நாலு நாலு அடி கிடைக்கும்.

எல்லாரும் விடுகிற பிழை அந்த ஒரு அடியில்தான். பெட்டியின் பக்கப் பலகைக்கு உள்ளே தறப்பாளைச் செருகிக் கட்டினால் பார்க்க ஒழுங்காக இருக்கும். இரவு மழையில் தறப்பாளால் வழிகிற அவ்வளவு தண்ணீரும் பலகைக்கு உள்பக்கமாக இறங்கிப் பாயை நனைக்கும். தறப்பாள் பலகைக்கு வெளியே விழ வேண்டும். கயிறு கீழே இருக்கிற கொளுக்கிகளுக்குப் போக வேண்டும். தளத்தில் இரண்டங்குல உயரத்துக்கு மரச்சட்டம் அடித்துப் பலகை பரவுங்கள், மூலைகளில் வடிகால் துளை போடுங்கள். முன்னும் பின்னும் மறைப்பின் மேற்பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி விடாவிட்டால், ஆறு பேரின் மூச்சே விடியும்போது உள்ளே தூறலாகச் சொட்டும். உள்ளே அடுப்பு மூட்டுகிற எண்ணம் வேண்டாம். மூடிய தறப்பாளுக்குள் அடுப்புப் புகையில் இருக்கிற காபன் ஓரொட்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஓடும்போது தறப்பாளைச் சுருட்டி, வளையங்களைக் கழற்றிப் படுக்க வையுங்கள். ஏ32இல் களப்புப் பக்கமிருந்து அடிக்கிற காற்று, நிமிர்ந்து நிற்கிற கூடாரத்தைப் பாய்மரமாக்கிவிடும்.

தங்குமிடத்தில் மெசினைக் கழற்றினால், இரண்டு சில்லுப் பெட்டிக்கு முன்னால் மட்டும் கால் கொடுத்தால் போதாது. கொளுக்கியில் 150 கிலோ இறங்குகிறது, அது அச்சில் இருந்து இரண்டரை மீற்றர் தூரம் என்று வையுங்கள். அச்சுக்குப் பின்னால் 1.2 மீற்றரில் சுமார் 310 கிலோ ஏறினால் பெட்டி பின்பக்கமாகக் குத்தும். அதாவது பெரிய ஆட்கள் ஐந்து பேர் பின்வாசலில் குந்தித் தேத்தண்ணி குடித்தால் போதும். பின் மூலைகள் இரண்டுக்கும் கட்டை அடுக்குங்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்த பிறகே பின்னைக் கழற்ற வேண்டும்.

இடம் தெரிவு செய்வது எளிது: கோயில் மடம், பொதுநோக்கு மண்டபத்து முற்றம், தெரிந்தவர் வளவு. கிராம அலுவலருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். மருதமரம் வரிசையாக நிற்கிற பள்ளம் ஆற்றுக்கோ குளத்துக்கோ உரியது, பகலில் காய்ந்திருந்தாலும் அங்கே பெட்டியை விட வேண்டாம். பட்ட பாலைக்கும் தென்னைக்கும் கீழேயும் வேண்டாம். காட்டோரத்தில் யானை வரும். அரிசியும் உப்பும் மணந்தால் தறப்பாள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விறகுக்கென்று காட்டுக்குள் இறங்கவும் கூடாது. மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கவும் கூடும்.

வீதியை மேவித் தண்ணீர் பாய்ந்தால் எவ்வளவு ஆழம்வரை இறங்கலாம்? முன்சில்லின் நடுக்கும்பம் மறையாத அளவு. அதுவும் தண்ணீர் நிறம் தெளிந்து, மெதுவாக ஓடினால் மட்டும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளுகிற பலம் நாலு மடங்கு. பெட்டி பாரம், நிற்கும் என்று நம்ப வேண்டாம். 10க்கு 6 அடிப் பெட்டியின் தளத்துக்கு மேல் 20 சென்ரிமீற்றர் தண்ணீர் ஏறினால் அது தூக்குகிற பாரம் ஒரு தொன்னுக்கு மேல். வெறும் பெட்டி மிதக்கும், மெசினையும் பக்கவாட்டில் இழுக்கும். இறங்குமுன் ஒரு ஆள் கம்போடு நடந்து பார்க்கட்டும், இடுப்பில் கயிறு கட்டி. மதகின் ஓரம் முதலில் அரிபடுவது தண்ணீர் விழுகிற பக்கத்தில். மேற்பக்கத்தை அணைத்து ஓடுங்கள். கடந்து ஏறியதும் உலர் டிரம் பிறேக் உள்ள மெசின் என்றால், இலேசாக மிதித்தபடி நூறு மீற்றர் ஊருங்கள். நனைந்த லைனிங் பிடிக்காது.

சேற்றைப் பற்றிச் சுருக்கமாக: முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி தார் வீதியை விட்டு இறங்குகிறவனுக்கு மட்டும் பிரச்சினை. ரயரின் பல்லுகளுக்கு நடுவில் அடைந்து, சில்லு மொழுமொழுவென்று உருண்டை ஆகிவிடும். இறங்க வேண்டாம். வேறிடத்தில் புதைந்தால் டிஃப் லொக்கை, இரண்டு பின்சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கிற பூட்டை, சில்லு வெறுமனே சுற்றத் தொடங்குமுன் போடுங்கள், நேராக மட்டும் ஓடுங்கள், திரும்புமுன் எடுத்துவிடுங்கள். அதிலும் வராவிட்டால் உறுமி உறுமிக் குழி தோண்டாமல், பெட்டியைக் கழற்றி மெசினைக் கெட்டித் தரைக்குக் கொண்டுபோய், நீளச் சங்கிலியால் பெட்டியை இழுங்கள். சங்கிலி இறுகும்போது அதன் பக்கத்தில் எவரும் நிற்கக்கூடாது.

டீசல் மணித்தியாலத்துக்கு நாலைந்து லீற்றர் என்று வைத்தால் மொத்தம் 80 முதல் 100 லீற்றர். மாங்குளம், மல்லாவி, மன்னார், வவுனியாவில் நிரப்பலாம். ஏ32க்கு இறங்குமுன் 20 லீற்றர்க் கான் ஒன்றாவது கையில் இருக்கட்டும். மழையில் கானால் ஊற்றும்போது குடை பிடிக்க வெட்கப்பட வேண்டாம். தண்ணீர் கலந்தால் மெசின் இருமி நிற்கும். ஒவ்வொரு காலையும் பில்டருக்குக் கீழே இருக்கிற குவளையைப் பாருங்கள், அடியில் தண்ணீர் முத்தாக நின்றால் வடியுங்கள். வடித்த பிறகு காற்று எடுக்க வேண்டும்: பில்டரின் மேல் ஸ்குரூவைத் தளர்த்தி, பம்பின் சின்னக் கைப்பிடியை அடித்துக்கொண்டே குமிழி நிற்கும்வரை விட்டு இறுக்குங்கள். பிறகு பெரிய பம்பின் ஸ்குரூவுக்கும் அதேதான். கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் தெறித்ததும் இறுக்க வேண்டும். இதற்கு வேண்டிய ஸ்பானர்களைத் தனிச் சுருளாகக் கட்டி றைவர் சீற்றுக்குக் கீழே வையுங்கள்.

சாப்பாட்டைப் பெண்களும் ஆண்களும் நீங்களே தீர்த்துக்கொள்வீர்கள். ஒன்று மட்டும், வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். காலில் புண்ணோடு வெள்ளத்துக்குள் இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, போகுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990.

வீடு வந்த அன்றே தறப்பாளை மடித்து வைக்காதீர்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரு கிழமையில் மடிப்போரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஏ32இல் ஓடிய பெட்டியின் அடியை நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் விட்டு, கும்பங்களைத் திறந்து கிறீசின் நிறம் பாருங்கள். அடுத்த கிழமை அதே பெட்டியில் நெல் மூட்டை ஏறும்.